ரீடச்சுக்கு மவுஸா பேனாவா? கல்யாண ஆல்பம் வேலை பாக்குறவங்களுக்கு என் அனுபவம்

கல்யாண ஆல்பம் வேலைல கைக்கு மூணு தனித்தனி வேலை இருக்கு. முதல்ல போட்டோ செலக்ட் பண்ணி லைட்ரூம்ல கலர் கரெக்ஷன், அதுல முழுக்க ஸ்லைடர்தான். அடுத்து போட்டோஷாப்ல ரீடச், அதாவது தோல், முடியில இருக்கிற குறைய சரி பண்றது, அதுல முழுக்க பிரஷ்தான். கடைசியா ஷீட் டிசைன், அதுல போட்டோவ இழுத்து வைக்கிறது, பெட்டி போடுறது, பேர் எழுதுறது, லைன் பாத்து ஒட்டுறது. புதுசா இந்த ஃபீல்டுக்கு வர்ற தம்பிங்க "அண்ணா எந்த டேப்லெட் (கம்ப்யூட்டர்ல சொருகி பேனாவால வரையற பலகை) வாங்கலாம், மாடல் மட்டும் சொல்லுங்க போதும்"ன்னு கேட்டா நான் மாடல் சொல்றதுக்கு முன்னாடி இந்த மூணுல உன் நேரம் எதுல அதிகமா போகுதுன்னுதான் கேப்பேன், ஏன்னா மூணுக்கும் ஒரே சாமான் ஒத்து வராதுங்க, இத்தனை வருஷம் இந்த சீட்ல உக்காந்து எனக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயமே அதுதான்.

மவுஸ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோல மேடை போட்டு மவுஸ காமிச்சப்பவே அது திரையில ஒரு இடத்தைக் காட்டுறதுக்கான சாமான்தான், இன்னிக்கும் அந்த வேலைய அதை விட நல்லா வேற எதுவும் செய்யறதில்ல. விட்ட இடத்துல நிக்கும் பாருங்க, அதுதான் அதோட பலம். கையை எடுத்து டீ குடிச்சிட்டு வந்தாலும் கர்சர் அங்கேயே இருக்கும். பேனா அப்படி இல்ல, க்ளிக் பண்ணிட்டு தூக்குற அந்த நொடியில ஒரு பிக்சல் ரெண்டு பிக்சல் நகந்துரும். அதனால போட்டோஷாப்போட பென் டூல்ல (பேர்தான் பென்) பாத் போட்டு பட்டுப்புடவை பார்டர கட்டிங் எடுக்கிறது, ஒட்டியாணத்தை சுத்தி புள்ளி வைக்கிறது, 12க்கு 36 இன்ச் ஷீட்ல ரெண்டு போட்டோவ ஒரே லைன்ல நிறுத்துறது, இதெல்லாம் நான் இன்னிக்கும் மவுஸ்லதான் பண்றேன். அந்த ஷீட் 300 டிபிஐல 10800க்கு 3600 பிக்சல், திரையில முழுசா பாக்கும்போது ரொம்ப சின்னதா தெரியும், அப்ப கை ஆடாம இருக்கணும். விண்டோஸ் மவுஸ் செட்டிங்ஸ்ல "என்ஹான்ஸ் பாயின்டர் ப்ரிசிஷன்"னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துருங்க. அது இருந்தா கை வேகத்துக்குத் தகுந்த மாதிரி கர்சர் ஓடுற தூரம் மாறிட்டே இருக்கும், கைக்கு தூரம் பழகவே பழகாது. கேமிங் மவுஸ், பத்தாயிரம் டிபிஐ எல்லாம் இந்த வேலைக்கு தேவையே இல்லைங்க, உள்ளங்கை முழுசா உக்கார்ற அளவு, நல்ல வீல், அது போதும்.

மவுஸால முடியாதது எங்க ஆரம்பிக்குதுன்னா, அதுக்கு ரெண்டே நிலைதான் தெரியும், அமுக்கியிருக்கு இல்ல அமுக்கல. நடுவுல ஒண்ணும் கிடையாது. பருவ எடுக்கிறதுக்கு அது போதும், ஸ்பாட் ஹீலிங் பிரஷ்ல ஒரு க்ளிக், போயிடும். ஆனா ரிசப்ஷன் மேடையில எல்ஈடி லைட் நேரா மூஞ்சில அடிக்குது, மேக்கப் போட்டு மூணு மணி நேரம் ஆச்சு, பொண்ணோட நெத்தியில நெத்திச்சுட்டிக்கு ரெண்டு பக்கமும் வேர்வை மினுமினுப்பு, அந்த மினுமினுப்பு நடுவுல வெள்ளையா இருந்து ஓரத்துக்குப் போகப் போக தோல் கலர்ல கரையுது. இதை குறைக்கணும்னா உங்க பிரஷ்ஷும் அதே மாதிரி நடுவுல அழுத்தமா ஆரம்பிச்சு முடி ஓரத்துல ஒண்ணுமில்லாம கரையணும். மவுஸ்ல இழுத்தா ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே கனம், அதனால ஒப்பாசிட்டிய, அதாவது பிரஷ் எவ்ளோ அழுத்தமா பதியணும்ங்கறத, அஞ்சுல வச்சு இருபது தடவை தேய்ப்பாங்க, தேய்ச்ச இடம் தேய்ச்ச இடமா திட்டு திட்டா நிக்கும், அந்தத் திட்ட மறைக்க மேல ஒரு ப்ளர், அப்புறம் மூஞ்சி பொம்மை மாதிரி ஆயிடும். கடைக்கு கடை ஆல்பத்துல வழவழன்னு மூஞ்சி வர்றதுக்கு ரசனை மட்டும் காரணம் இல்ல, கையில இருந்த சாமானும் ஒரு காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

பேனாவுல நான் பண்றது இதுதான். ரெண்டு கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தை ஏத்தி இறக்குற லேயர்), ஒண்ணு கொஞ்சம் வெளிச்சம், ஒண்ணு கொஞ்சம் இருட்டு, ரெண்டோட மாஸ்க்கையும் (லேயர் எங்க தெரியணும்னு சொல்ற மறைப்பு) கருப்பாக்கிட்டு வெள்ளை பிரஷ் எடுத்து ஃப்ளோ பத்துக்குள்ள வச்சு, மேல ஆப்ஷன் பார்ல ஒப்பாசிட்டிக்கு பிரஷர் ஐகான் இருக்கும் அதை ஆன் பண்ணிட்டு, இருட்டு லேயர்ல அந்த மினுமினுப்பு மேல தொட்டு தொட்டு எடுப்பேன். கன்னத்துல மேக்கப் தொட்டு வைக்கிற அதே கை பாவம்தான். தோலோட துளை, மூக்கு ஓரத்துக் கோடு, சிரிச்சா விழற மடிப்பு எல்லாம் அப்படியே இருக்கும், கண்ணுக்கு உறுத்துனது மட்டும் அடங்கும்.

இன்னொரு இடம் முடி. மல்லிப்பூ வச்சு ஜடை அலங்காரம் பண்ணின பொண்ணுக்கு காதுக்கு மேல நாலஞ்சு முடி பிச்சுக்கிட்டு நிக்கும், அதை அழிச்ச இடத்துல வகிடு ஓரம் மொட்டையா தெரியும், அங்க திரும்ப நாலு முடி வரையணும். சைஸுக்கு பிரஷர் ஆன் பண்ணி மூணு பிக்சல் பிரஷ்ல வேர்ல இருந்து வெளிய ஒரு வீச்சு, அடி தடியா நுனி ஊசியா வரும். மவுஸ்ல வரைஞ்சா அது கம்பி. அந்தக் கம்பிய பாத்தவுடனே பாக்குறவங்களுக்கு என்னமோ தப்பா இருக்குன்னு தெரிஞ்சிரும், எதுன்னு சொல்லத் தெரியாது அவ்ளோதான்.

இதுல மனசுல இருக்கிற ஒண்ணையும் சொல்லிடறேன். நம்ம ஊர் கல்யாணத்துல பாதிப் பேர் மாநிறம், அதுக்கு மேலயும் இருப்பாங்க, அவங்க மூஞ்சிய மொத்தமா வெளுத்து கொடுக்கிற பழக்கம் எனக்கு சுத்தமா பிடிக்கல. கழுத்து ஒரு கலர், கை ஒரு கலர், மூஞ்சி மட்டும் சுண்ணாம்பு. அரைப் பங்கு கால் பங்குன்னு வேலை செய்ய ஒரு சாமான் கையில இருந்தா அந்தப் பொண்ணோட நிறத்தை வச்சுக்கிட்டே அவ மூஞ்சியில வெளிச்சத்தை சரி பண்ணலாம். பேனா வாங்கச் சொல்றதுக்கு எனக்கு இதை விட பெரிய காரணம் இல்ல.

சரி வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு, பாக்ஸ்ல 2048, 4096, 8192ன்னு பிரஷர் லெவல், அதாவது அழுத்தத்தை எத்தனை படியா பிரிக்குதுன்னு, போட்டிருப்பான். இந்த நம்பருக்காக காசு கூட்டிக் கொடுக்காதீங்க. வாகாம் கம்பெனில ஆரம்ப மாடல் ஒன் பை வாகாம் 2048, அதுக்கு மேல இன்டுவோஸ் 4096, இன்டுவோஸ் ப்ரோ 8192, ஹூயான், எக்ஸ்பி பென் எல்லாம் கம்மி விலையிலயே 8192 கொடுக்குறாங்க. ரீடச்ல நம்ம கை 2048லயே அத்தனை படியையும் பிரிச்சு உணராது. பாக்க வேண்டியது வேற. எவ்ளோ மெல்லிசா தொட்டா கோடு விழ ஆரம்பிக்குது, அதுதான் முக்கியம். கடையில டெமோ பீஸ் இருந்தா போட்டோஷாப்போ எதோ ஒரு பெயின்ட் சாஃப்ட்வேரோ திறந்து பிரஷ்ஷ பெருசாக்கி சைஸ் பிரஷர் ஆன் பண்ணி, பேனாவோட கனம் மட்டும் விழற மாதிரி லேசா இழுங்க. நூல் மாதிரி கோடு வந்தா நல்ல பேனா, அழுத்தின பிறகுதான் பட்டுனு தடியா ஆரம்பிக்குதுன்னா ரீடச்சுக்கு அது தொல்லை. அடுத்தது ஒரு ஸ்கேல் வச்சு குறுக்கால சாய்வா ரொம்ப மெதுவா ஒரு கோடு, அது அலை அலையா நெளிஞ்சா வேண்டாம். நாலு மூலையிலயும் பண்ணிப் பாருங்க, சிலதுல நடுவுல நல்லா இருக்கும், ஓரத்துல கர்சர் விலகி நிக்கும். சென்னைல இருக்கிறவங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி கேட்டா டெமோ பாக்க வாய்ப்பிருக்கு, வெளியூர்க்காரங்க வேலை பாக்குற யாராவது ஸ்டுடியோல போயி அரை மணி நேரம் உக்காந்து பாத்துட்டு அப்புறம் ஆன்லைன்ல போடுங்க.

சைஸ் விஷயத்துல கணக்கு போட்டுப் பாக்கலாம். ஒன் பை வாகாம் சின்னதுல வரையற இடம் 152க்கு 95 மில்லிமீட்டர், மீடியத்துல 216க்கு 135. 24 இன்ச் மானிட்டரோட அகலம் 531 மில்லிமீட்டர் பக்கம் வரும். அப்ப சின்னதுல கை ஒரு சென்டிமீட்டர் நகந்தா திரையில மூணரை சென்டிமீட்டர், மீடியத்துல ரெண்டரை. ஜூம் பண்ணி கண் ஓரத்துல வேலை பாக்கும்போது இந்த வித்தியாசம் நல்லா தெரியும். ஆனா மீடியம்தான் எல்லாருக்கும் சரின்னு சொல்ல மாட்டேன், மணிக்கட்ட மட்டும் அசைச்சு எழுதற ஆளுங்களுக்கு சின்னது போதும், டேபிள்லயும் இடம் அடைக்காது, லேப்டாப் கூட தூக்கிட்டுப் போகலாம். முழங்கைல இருந்து வீசி வரையறவங்களுக்கு சின்னது ஜெயில். லார்ஜ் சைஸ் ஆல்பம் வேலைக்கு வேண்டியதில்ல, ஒவ்வொரு மெனுவுக்கும் கை ஒரு முழம் போயிட்டு வரணும், சாயங்காலம் தோள் கழண்டுரும்.

ரெண்டு மானிட்டர் வச்சிருக்கிறவங்க டிரைவர்ல (டேப்லெட்டோட சாஃப்ட்வேர்) போயி டேப்லெட்ட ஒரே மானிட்டருக்கு மட்டும் மேப் பண்ணுங்க. இல்லைன்னா அதே 152 மில்லிமீட்டர்ல ரெண்டு திரையும் அடங்கணும், ஒரு சென்டிமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் ஓடும், யாராலயும் வேலை செய்ய முடியாது. அப்புறம் அந்த டேப்லெட்டுங்க 16க்கு 10 அளவு, நம்ம மானிட்டர் 16க்கு 9, அதனால கை வட்டம் போட்டா திரையில லேசா நீள்வட்டமா வரும். "ஃபோர்ஸ் ப்ரபோர்ஷன்ஸ்" டிக் பண்ணிட்டா சரியாயிடும், கீழ கொஞ்சம் இடம் வீணாப் போகும், போகட்டும்.

எப்ப வாங்கறதுன்னும் சொல்றேன், ஆடியில வாங்குங்க. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தம் வரிசையா ஓடிட்டு இருக்கும்போது, டெலிவரி தேதி கழுத்துல நிக்கும்போது பேனா பழகறேன்னு ஆரம்பிச்சா ரெண்டாவது நாளே தூக்கி அலமாரியில போட்டுருவீங்க, எத்தனையோ ஸ்டுடியோ அலமாரியில அப்படித் தூங்குற டேப்லெட்ட நான் பாத்திருக்கேன். ஆடியில கல்யாணம் கிடையாது, பழைய ஆர்டர் ஃபோல்டர எடுத்து வச்சு நிதானமா பழகலாம். முதல் வாரம் கை ஒரு பக்கம் கண் ஒரு பக்கம் போகும், கண்ணு திரையில இருக்கணும் கை அதுவா கீழ நடக்கணும், அது வர்றதுக்கு நாள் ஆகும், எல்லாருக்கும் ஆகும். டேப்லெட்டுல மவுஸ் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அது பழக ஈசியா இருக்கேன்னு அதுல போயிடாதீங்க. பென் மோடுல டேப்லெட்டோட மேல் மூலை எப்பவும் திரையோட மேல் மூலைதான், இந்த ஒட்டுறவு கைக்கு பதிஞ்ச பிறகுதான் வேகம் வரும். டேப்லெட்ட மானிட்டருக்கு நேரா வைங்க, கோணலா வச்சா நேர் கோடு போட நினைச்சா சாஞ்சு போகும்.

பழகாம விட்டவங்க பாதிப் பேருக்கு உண்மையில பிரச்சனை கை இல்லைங்க, செட்டிங்ஸ். விண்டோஸ்ல பேனாவ ஒரு இடத்துல அமுக்கிப் பிடிச்சா ரவுண்டா ஒரு வளையம் வந்து ரைட் க்ளிக் ஆயிடும், விரல்லயும் ஸ்டைலஸ்லயும் டச் ஸ்கிரீன் யூஸ் பண்றவங்களுக்காக வச்சது அது, ரீடச் பண்ற நமக்கு ஒவ்வொரு தொடுதலும் தாமதமாகும். கன்ட்ரோல் பேனல்ல பென் அண்ட் டச் உள்ள போயி ப்ரெஸ் அண்ட் ஹோல்ட நிறுத்துங்க. டிரைவர்ல விண்டோஸ் இங்க்க (விண்டோஸோட சொந்த பேனா வசதி) ஆஃப் பண்ணினா போட்டோஷாப்ல பிரஷர் போயிடும், அதுக்கு போட்டோஷாப் செட்டிங்ஸ் ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வச்சு சிஸ்டம் ஸ்டைலஸ் வேண்டாம்னு ஒரு வரி எழுதணும், அடோபியோட ஹெல்ப் பக்கத்துல அந்த ஃபைல் பேரும் வரியும் அப்படியே இருக்கு, எழுத்து மாறாம காப்பி பண்ணிப் போடுங்க. இங்க் ஆன்ல இருந்தே உங்களுக்கு ஒழுங்கா ஓடுதுன்னா இதை தொடவே வேண்டாம். அப்புறம் டிரைவர்ல டிப் ஃபீல்னு சாஃப்ட், ஃபர்ம்னு ஒரு ஸ்லைடர் வரும், நம்ம ஆளுங்க பலபேர் பால் பாயின்ட் பேனா அழுத்தி எழுதிப் பழகினவங்க, அவங்க ஒரு படி ஃபர்ம் பக்கம் தள்ளி வச்சா கை இயல்பா இருக்கும்.

பேனாவுல ரெண்டு பட்டன் இருக்கும். கீழ இருக்கிறத ரைட் க்ளிக்காவே விட்டுருங்க, ஏன்னா விண்டோஸ்ல ஆல்ட்டோட ரைட் க்ளிக் அமுக்கி இடது வலது இழுத்தா பிரஷ் சைஸ் மாறும், மேல கீழ இழுத்தா ஓரத்து சாஃப்ட்னஸ் மாறும், ரீடச்ல நிமிஷத்துக்கு பத்து தடவை இது வேணும். மேல் பட்டன்ல ஆல்ட் வச்சா க்ளோன் பண்றப்ப (ஒரு இடத்தை எடுத்து இன்னொரு இடத்துல ஒட்டுறது) சோர்ஸ் எடுக்க கீபோர்டுக்கு போக வேண்டாம்.

இடது கையைப் பத்தி யாரும் பேசறதில்ல, பாதி வேகம் அங்கதான் இருக்கு. பிரஷ் சைஸ் மாத்துற ஸ்கொயர் பிராக்கெட் கீ கீபோர்டோட வலது பக்கம் இருக்கு, வலது கையில பேனா இருக்கும்போது இடது கை அவ்ளோ தூரம் தாண்டிப் போறது வீண் வேலை. எடிட் மெனுவுல கீபோர்டு ஷார்ட்கட் திறந்து இடது பக்கம் இருக்கிற நீங்க தொடாத ஒரு கீக்கு மாத்திக்கலாம். நம்பர் கீ ஒப்பாசிட்டி, ஷிஃப்ட்டோட நம்பர் ஃப்ளோ, எக்ஸ் அமுக்கினா மாஸ்க்ல கருப்பு வெள்ளை மாறும், ஆர் அமுக்கி கேன்வாஸ திருப்பிக்கலாம், தாடை வளைவுக்கு ஏத்த மாதிரி படத்தைத் திருப்பிட்டா கை இயல்பா போற திசையிலயே பிரஷ் ஓடும். ஒன் பை வாகாம்ல டேப்லெட் மேல பட்டனே கிடையாது, எனக்கு அது குறையாத் தெரியல, இடது கை கீபோர்டுல உக்காந்துட்டா அந்தப் பட்டன்களை தேடவே தேடாது.

லைட்ரூம் பக்கம் வந்தா பேனாவ கீழ வச்சிருங்க. சின்ன ஸ்லைடர பேனாவுல பிடிச்சு இழுக்கிறது கண்ணுக்கும் கைக்கும் தண்டனை. ஸ்லைடர் மேல கர்சர நிறுத்தி கீபோர்டுல மேல் கீழ் ஆரோ அமுக்கினாலே நம்பர் நகரும், காசு செலவில்லாத வழி இது. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்குல ஃப்ரேம் வருது, அதுல எக்ஸ்போஷர், டெம்பரேச்சர், ஷேடோஸ் மூணையும் திரும்பத் திரும்ப தொடணும்னா நாப் (திருகுற குமிழ்) இருக்கிற ஒரு பெட்டி ரொம்ப உதவும். பெரிங்கர் எக்ஸ்டச் மினின்னு மியூசிக் ஆளுங்க யூஸ் பண்ற சின்ன மிடி பெட்டி, அதுல எட்டு நாப் இருக்கு, மிடி2எல்ஆர்னு இலவச ப்ளகின் போட்டா லைட்ரூம் கிளாசிக்ல ஒவ்வொரு நாப்புக்கும் ஒரு ஸ்லைடர கட்டலாம், நாப்ப அமுக்கினா அந்த ஸ்லைடர் பழைய நிலைக்கு வர்ற மாதிரியும் வச்சுக்கலாம். கண்ணு போட்டோவ விட்டு நகராது, வெளிச்சம் ஏத்தும்போதே டெம்பரேச்சரையும் திருப்பலாம், மஞ்சள் லைட்டுல எடுத்த தாலி கட்டுற ஃப்ரேமுக்கெல்லாம் இதுதான் எனக்கு பிடிச்ச வழி. இதுக்குன்னே லூப்டெக்னு ஒரு பின்லாந்து கம்பெனி சாமான் செஞ்சாங்க, 2023ல லாஜிடெக் அந்த கம்பெனிய வாங்கிட்டாங்க, நல்லா இருக்கும், விலை கூட.

கை வலி இருக்கிறவங்களுக்கு மட்டும் இது. மணிக்கட்டு கவுந்து டேபிள்ல தேஞ்சுக்கிட்டே இருக்கிறதுதான் மவுஸோட சிக்கல், பேனா பிடிக்கும்போது கை பக்கவாட்டுல சாஞ்சு இருக்கும், நிறையப் பேருக்கு அதுவே நிம்மதி. வெர்டிகல் மவுஸும் அதே கணக்குதான், ஹேண்ட்ஷேக் பண்ற மாதிரி கை நிக்கும், ஷீட் டிசைன் மட்டும் பாக்குறவங்க அதை வாங்கலாம். ட்ராக்பால் டேபிள்ல நகரவே வேண்டாம்ங்கறதால தோள் வலிக்காரங்களுக்கு நல்லது, என் கூட டிசைன் பாக்குற ஒரு அக்கா அதை விட்டு இறங்க மாட்டாங்க, ஆனா கட்டை விரல்ல உருட்டுற மாடல்ல அந்த விரல் மொத்த பாரமும் தாங்கணும், ஏற்கனவே கட்டை விரல் பக்கம் வலி இருந்தா நடுவுல பெரிய உருண்டை இருக்கிற, விரல் நுனியால உருட்டுற மாடல் பாருங்க. ட்ராக்பால்ல பிரஷ் வேலை மட்டும் எதிர்பாக்காதீங்க. பேனாவையும் இறுக்கிப் பிடிச்சா அது வேற ஒரு வலி, தடிமனான பேனா இருக்கிற மாடல் அதுக்குத்தான் நல்லது. காலையில மவுஸ், மதியம் பேனா, நடுவுல நாப்னு மாறி மாறி வேலை பாத்தாலே ஒரே இடத்துல பாரம் ஏறாது. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போயி ராத்திரி தூக்கத்துல எழுப்புதுன்னா அது மணிக்கட்டு நரம்பு அழுந்துறதா இருக்கலாம், சாமான் மாத்திப் பாக்குறேன்னு தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட போங்க.

திரை மேலயே வரையற பென் டிஸ்ப்ளே, சின்டிக், காம்வாஸ் மாதிரி சாமான பத்தியும் கேக்குறாங்க. படம் வரையறவங்களுக்கு அது சொர்க்கம், ரீடச்சுக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன். வேலை பாக்குற மூஞ்சிய நம்ம கையே மறைக்கும், கழுத்து நாள் முழுக்க குனிஞ்சிருக்கும், அதை விட முக்கியமா நீங்க கலர் நம்பிப் பாக்குறது கேலிப்ரேட் பண்ணின (கலர் அளந்து சரி செஞ்ச) மெயின் மானிட்டர, லேப்ல பிரிண்ட் வர்றது அதை வச்சுத்தான். அந்தக் காசுல ஒரு மீடியம் டேப்லெட்டும் நல்ல மானிட்டரும் வாங்கலாம்.

செகண்ட் ஹேண்ட்ல பேனா டேப்லெட் வாங்கறது தப்பே இல்ல, ஆனா மூணு விஷயம் பாருங்க. உங்க விண்டோஸ் வெர்ஷனுக்கு அந்த மாடலுக்கு டிரைவர் இன்னும் கிடைக்குதான்னு காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி சைட்ல தேடுங்க. கேபிள் சொருகுற ஓட்டைய லேசா ஆட்டிப் பாருங்க, கனெக்ஷன் விட்டு விட்டு வந்தா வேண்டாம். ஒரிஜினல் பேனா இருக்கான்னு பாருங்க, வாகாம் பேனாவுக்கு பேட்டரி கிடையாது, டேப்லெட்டுல இருந்து வர்ற காந்தப்புலத்துலயே ஓடும், அதனால வேற மாடல் பேனா பல சமயம் ஒத்துக்காது, தனியா வாங்கினா டேப்லெட் விலையில பெரும் பங்கு போயிடும்.

வாங்கின பிறகு நிப்ப, அதாவது பேனா முனைய, மறந்துடாதீங்க. பேப்பர் மாதிரி சொரசொரப்பா இருக்கிற மேற்பரப்புல நிப் சீக்கிரம் தேயும், ஒரு பக்கமா தேஞ்சு உளி மாதிரி ஓரம் ஆனா அந்த ஓரம் டேப்லெட்ட கீறிடும், விரல் நுனியால தடவிப் பாத்தாலே தெரியும், அந்த நேரத்துல மாத்திடணும். பாக்ஸ்லயே ஸ்பேர் நிப் கொடுத்திருப்பாங்க, அதை பாக்ஸோட பரண்ல போடாம டேபிள் டிராயர்லயே வைங்க, சீசன்ல நடு ராத்திரி தேடுற மாதிரி ஆயிடக் கூடாது.